போன வருஷத்து வாக்குத்தத்தம்

எங்கள் சபையில் ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். காணிக்கைத் தட்டு இல்லை. அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்குறுதியாக, வாக்குத்தத்த வசனங்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் அச்சடித்துக் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டு. கண்ணை மூடி ஜெபித்துவிட்டு வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்து, வருஷம் முழுக்க அதைச் சொல்லியே ஜெபிக்க வேண்டும். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் சபைக்காரர்கள் வீட்டைக் கண்டுபிடிக்க ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தால் போதும்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் எடுத்த அட்டையில், ஒருவராலும் பூட்ட முடியாத திறந்த வாசலைப் பற்றிய வசனம் வந்தது. அவருக்கு முகமெல்லாம் பல்.

"வாசல்னா இன்னான்னு நெனச்ச? கம்பெனி வாசல்தாம்மா" என்றார்.

அவர் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் வருஷக்கணக்காக கான்ட்ராக்ட் ஆள். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்கிற பெர்மனென்ட் ஆளுக்கு ஒரு கலர் சட்டை, இவருக்கு வேறு கலர். சட்டைதான் வித்தியாசம் என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. நாளையிலிருந்து வராதே என்று ஒரு போனில் முடித்துவிடுவார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் பெர்மனென்ட் கனவை மறந்துவிட வேண்டியதுதான் என்பது அவர் வேலை செய்யும் லைனில் எல்லாரும் சொல்வது. அவருக்கு அப்போது முப்பத்துநான்கு நடந்துகொண்டிருந்தது.

கிடைத்துவிட்டதாக நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள் என்று பாஸ்டர் பிரசங்கித்தார். இந்த மனுஷன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஈஸ்டர் அன்று மைக்கைப் பிடித்து, கர்த்தர் என்னை பெர்மனென்ட் ஆக்கிவிட்டார், ஸ்தோத்திரம் என்று சாட்சி சொல்லிவிட்டார். அது விசுவாசத்தில் சொன்னது என்று பாதிப் பேருக்குப் புரியவே இல்லை. வெளியே வந்ததும் "ஸ்வீட் எங்க பிரதர்?" என்று சூழ்ந்துகொண்டார்கள். இவரும் வாங்கிக் கொடுத்தார்! கிடைக்காத வேலைக்கு லட்டு கொடுத்த ஆள் ஒரகடத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆயுத பூஜை சமயத்தில் பெர்மனென்ட் ஆனவர்கள் யார் யார் என்று கம்பெனியில் சொன்னார்கள். இவர் அதில் இல்லை. போதாததற்கு கான்ட்ராக்டர் மாறினான். பழைய ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு, இவரை நேற்று வந்த ஆள் மாதிரி புதிதாகச் சேர்த்தார்கள்.

எனக்குக் கம்பெனி மேல் கோபம், கர்த்தர் மேல் கோபம். அதைவிட, ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேல் கோபம். "விசுவாசத்துல எங்கியோ ஓட்ட கீது சிஸ்டர், உபவாசம் போடுங்க" என்றார் சபை அக்கா ஒருவர். லட்டு கொடுத்த மனுஷனுக்கா விசுவாசம் போதவில்லை? அந்த எரிச்சலையெல்லாம் ஜெபத்தில் கொட்டினேன். நீர்தானே சொன்னீர், நாங்களா சொல்லச் சொன்னோம் என்று அடுப்படியில் நின்று கேட்பேன். குக்கர் விசில்தான் பதிலாக வரும்.

டிசம்பர் கடைசியில் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது, வழக்கம்போல் பழைய அட்டையைச் சுரண்ட நகத்தை வைத்தேன். அப்போதுதான் சுருக்கென்றது. வருஷா வருஷம் இப்படித்தான் சுரண்டிப் போட்டிருக்கிறேன். அது நடந்ததா, நடக்கவில்லையா என்று நானும் பார்த்ததில்லை, சபையில் யாரும் கேட்டதில்லை. டிசம்பரோடு கெட்டுப்போக வாக்குத்தத்தம் என்ன பால் பாக்கெட்டா? துணியைப் போட்டுவிட்டு அட்டையை அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரி முதல் தேதி பாஸ்டர் தட்டோடு எங்கள் வரிசைக்கு வந்தார். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்களுக்குப் புதுசு வேணாம் பாஸ்டர்."

"இன்னா சிஸ்டர், கர்த்தர் மேல வருத்தமா?"

"வருத்தந்தான். போன வருஷம் குடுத்ததையே அவரு இன்னும் செய்யல. அத மொதல்ல செய்யட்டும், அப்பால புதுசு எடுத்துக்கறோம்."

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் தட்டை அடுத்த வரிசைக்குக் கொண்டுபோனார்.

பைக்கை எடுக்கும்போது வீட்டுக்காரர், "ஏம்மா, இத விட நல்ல வசனமா வந்திருந்தா?" என்றார்.

"இதுக்கு இன்னா கொறச்சல்?" என்றேன்.

மார்ச்சில் அவருக்கு முப்பத்தைந்து முடிந்தது. இன்னும் அதே கலர் சட்டைதான். அட்டை ஓரம் சுருண்டு, மஞ்சள் கறை படிந்து ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. காலையில் அவர் கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து கம்பெனி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, அதன் முன்னால் நின்று இன்றைக்கும் கர்த்தரோடு சண்டைதான் போட்டேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அந்த அட்டையில் நகம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. சுரண்டி எடுத்தால், கர்த்தர் சொன்னது பொய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.