ஊறவைக்காத நூல்

இன்று காலையில் அண்ணன் மகன் வீட்டு வாசலில் ஒரு பெரிய பானை இருந்தது. எட்டிப் பார்த்தேன். புது வலை பின்ன வாங்கிவந்த பருத்தி நூலைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தான். தண்ணீர் படாத பச்சை நூல் ஊறும்போது ஒரு வாடை வரும். அரிசி களைந்த தண்ணீரைப் போல, அதைவிடக் கொஞ்சம் புளிப்பாக. அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. எழுபதை நெருங்குகிறவன் பானையைப் பார்த்து வெட்கப்படுவானா என்று கேட்பீர்கள். பட்டவனுக்குத்தானே தெரியும்.

நாங்கள் பழவேற்காட்டு வலைக்காரர்கள். எனக்கோ படகில் கால் வைத்தால் குமட்டும். கடலில் இல்லை, ஏரியிலேயே, சிரிக்காதீர்கள். நைனா இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, இவன் கரைக்குத்தான் லாயக்கு என்று கைகழுவிவிட்டார். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்த கைக்கு ஊசி பிடிபட நாளாகவில்லை. கோட்டைப் பக்கம் ஒல்லாந்துக்காரர்களுக்கு, அதாவது டச்சு வெள்ளைக்காரர்களுக்கு, சட்டை தைக்கிற ஒருவரிடம் சேர்ந்தேன். நான் முதன்முதலில் தைத்த சட்டையைப் பிரிக்க முடியாமல் கத்தி போட்டு அறுத்தார்களாம். தையல் முடிகிற இடத்திலெல்லாம் வலை முடிச்சாகப் போட்டு வைத்திருந்தேன். அப்படியும் இருபத்திரண்டு வயதில் தனியாகத் தைக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஒல்லாந்துக் கொடி இறங்கப் போகிறது, கோட்டை இங்கிலீஷ்காரன் கைக்குப் போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. சாயத்துணிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த துரை ஒருவர் அதற்கு நாலு வருஷம் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். இங்கேதான் புதைத்திருந்தார்கள். அவருடைய மனைவியை நாங்கள் தொரசானியம்மா என்போம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிறந்ததே இந்த ஊரில். அவருடைய அம்மாவும் அப்படித்தான். தோல்தான் வெளுப்பு, பேச்சு எங்கள் பேச்சு. விலை படியாவிட்டால் மீன்காரியிடம் "இன்னாம்மா, மீனா விக்கிற, முத்தா விக்கிற?" என்பார்.

கணவரின் தம்பி கோட்டையில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். மழை ஓய்ந்து தை மாதம் கப்பல் வரும், அண்ணியையும் ஏற்றிக்கொண்டு சொந்தத் தேசத்துக்குப் போய்விடலாம் என்று அவர் முடிவுசெய்துவிட்டார். அண்ணியைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. தையில் ஏறினால் ஆவணி, புரட்டாசியில் போய் இறங்குவார்களாம். அப்போது அங்கே மரமெல்லாம் இலை உதிர்த்துக்கொண்டிருக்கும், காற்று ஊசியாகக் குத்தும், கனத்த கம்பளிச் சட்டை இல்லாதவர்கள் நெஞ்சு கட்டிச் செத்துப்போவார்கள் என்று சொல்லியிருந்தார். அந்தச் சட்டை தயாராகாமல் ஒருத்தரையும் ஏற்றமாட்டேன் என்பதில் கண்டிப்பாக இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. குளிரில் தன் தங்கையைப் பறிகொடுத்தவர்.

ஆக, சட்டை சரியாக அமைந்தால் தொரசானியம்மா கப்பலேற வேண்டும். அதைத் தைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை நான் அதிகபட்சம் தைத்தது குமாஸ்தாக்களின் கால்சட்டை. இது மட்டும் நன்றாக வந்துவிட்டால் கோட்டை முழுக்க என் பெயர்தான் என்று பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டேன்.

புரட்டாசியில் வெயில் கொளுத்திய ஒரு காலையில் தொரசானியம்மா கூப்பிட்டு அனுப்பினார். கையில் காகிதம், பக்கத்தில் மைக்கூடு. இலை உதிர் காலத்துக்கு என்னென்ன உடுப்பு வேண்டும் என்று கொழுந்தன் எழுதிக்கொடுத்த பட்டியலை அவர் தள்ளி வைத்துவிட்டார். "நான் தையக்காரி இல்ல, எனக்கு உடுப்போட பேரு தெரியாது. நாள் பூரா நான் இன்னா வேலை செய்றேனோ அத சொல்றேன். அதுக்கு இன்னா வேணும்னு நீ சொல்லு" என்றார்.

சொல்லச் சொல்ல எழுதினார். காலையில் துறைக்குப் போய் மீன் வாங்குவது. அதற்குப் பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு. பத்து மணிக்கு வாசலில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது. கைமடிப்பு தொங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில், அங்கிருந்து கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்குவது. அதற்கு முட்டியில் இரட்டைத் துணி. சாயங்காலம் மாடியில் நின்று ஏரியைப் பார்ப்பது. அதற்குத் தலைத்துணி, காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் பழைய உடுப்பில் எதை மாற்றலாம், எதைப் புதிதாகத் தைக்கலாம் என்று நானும் மகா அறிவாளி மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ள அந்தக் கம்பளிச் சட்டை. எழுதி முடித்ததும் நான் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன், "அங்க யாரு கல்லறைம்மா?" என்று. அவர் இறகுப் பேனாவைத் துடைத்து வைத்தார்.

அடுத்து அளவெடுக்க வேண்டும். நாங்கள் அளவு எடுப்பது நூலில். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு முடிச்சு, மார்புச் சுற்றுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. தொட்டு அளக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நான் தள்ளி நின்று சொல்ல, அவரே நூலைப் பிடித்துக் காட்டினார். என்னிடம் இருந்த அளவு நூல் அண்ணனுடைய பழைய வலையிலிருந்து உருவியது, கருவாட்டு வாடை அடிக்கும். பெரிய இடத்துப் பெண்மணியின் தோளில் அதையா வைப்பது? மரியாதை வேண்டாமா? அண்ணன் புதிதாக வாங்கிய நூல்கண்டிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு துண்டை அறுத்துக்கொண்டு போயிருந்தேன்.

பச்சைப் பருத்தி நூல் முதல் தண்ணீரில் சுருங்கும். அதனால்தான் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே வலை பின்னுவார்கள். எங்கள் வீட்டில் நடக்கத் தெரியாத குழந்தைக்கும் இது தெரியும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

"நூலு இங்கியே இருக்கட்டும், நீ தொலச்சிடுவ" என்று தொரசானியம்மா வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். நான் தொலைக்கிற ஆள்தான், அதனால் கொடுத்துவிட்டேன்.

கம்பளித் துணி சென்னப்பட்டணத்திலிருந்து வந்துசேரக் கார்த்திகை ஆகிவிட்டது. கருநீலம். ஒரே ஒரு துண்டு, கணக்காக ஒரு சட்டைக்குத்தான் வரும், தப்பாக வெட்டினால் திரும்ப வெட்ட வழியில்லை. வேறு துணியும் கிடைக்காது. அவரிடம் போய் அளவு நூலை வாங்கி வந்து வெட்டினேன். மழை விடாமல் பெய்தது. வீட்டுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து இருபது நாள் தைத்தேன். நனைந்த கம்பளியின் வீச்சத்தில் பெண்டாட்டி சோறு தின்னாமல் சண்டை போட்டாள். நடுவில் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று தொரசானியம்மாவிடம் இரண்டு தரம் கேட்டேன். முடியட்டும், ஒரேயடியாகப் பார்க்கலாம் என்றுவிட்டார்.

மார்கழியில் ஒருநாள், கொழுந்தனும் நாலு குமாஸ்தாக்களும் பார்த்துக்கொண்டிருக்க, சட்டையைப் போட்டார். கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நின்றது. மார்பில் பொத்தான் ஒன்றுகூட எட்டவில்லை. குமாஸ்தாக்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. என் மானம் கப்பலேறியது என்று சொல்வதற்குக் கப்பல்கூட அப்போது வந்திருக்கவில்லை. கொழுந்தன் என்னை அடிக்கக் கை ஓங்கினார். தொரசானியம்மா குறுக்கே வந்து, அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். கொழுந்தன் ஓங்கிய கையை இறக்கினார். அடுத்த கப்பலுக்குள் வேறு துணி அனுப்புகிறேன், அதில் வா என்று சொன்னாராம். தையில் அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த குமாஸ்தாக்களும்தான். துணியும் வரவில்லை, ஒல்லாந்துக் கப்பலும் அதற்கப்புறம் வரவில்லை.

வீட்டில் அண்ணன் அந்த அளவு நூலைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தான். "ஊறப்போடாத நூலா? வலக்காரன் வூட்ல பொறந்த ஆளாடா நீ?" என்றான். பிறகு அவனே, அலமாரியில் இருந்த நூல் வெறும் மழைக்காத்து ஈரத்துக்கு இவ்வளவு சுருங்காதே என்று முணுமுணுத்தான். நான் காதில் வாங்கவில்லை. ஊர் எனக்குக் குட்டைக்கை என்று பெயர் வைத்துவிட்ட துக்கத்தில் இருந்தேன்.

தொரசானியம்மா இருந்த மாடி வீடு கோட்டையைச் சேர்ந்தது, புதிதாக வந்த இங்கிலீஷ்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். அவர் கோட்டைக்குப்பத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். மார்கழிக் காலைகளில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் துறைக்கு வருவார். பொத்தான் போடாமல், கை குட்டையாக. மீன் கூடைக்குள் கைவிட்டுத் துழாவ இதைவிடத் தோதான உடுப்பு உண்டா என்று என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பார். மீன்காரிகள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். ஐந்தாறு வருஷத்தில் ஊர் அந்தப் பெயரை மறந்துவிட்டது. அவர் மட்டும் விடவில்லை. "டே குட்டைக்கை" என்பார், எனக்கு நரை வந்த பிறகும்.

முப்பது வருஷம் அப்படி இருந்தார். கடைசியில் ஒரு கார்த்திகையில் படுத்துவிட்டார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். வெளியே மழை. ரெண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அந்த நூல ஊறப்போட்டது நான்தான். மூணு நாளு. உங்க ஜனம் துறையில ஊறப்போடறத தெனம் பாத்துனுதானே இருந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் தலைகுனிந்து நடந்தவனுக்கு வேறென்ன வரும்? "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே குட்டையா வெட்டியிருப்பேனேம்மா" என்றேன்.

"நீ தெரிஞ்சு செஞ்சிருந்தா உன் மூஞ்சியே காட்டிக்குடுத்திருக்கும்" என்றார். கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "மன்னிச்சுக்கோ, குட்டைக்கை" என்றார்.

கணவருக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். முட்டியில் இரட்டைத் துணி வைத்த பாவாடையோடு புல் பிடுங்க இப்போது அங்கே யாரும் வருவதில்லை. கம்பளிச் சட்டையைப் பூச்சி அரித்துவிட்டது. அந்த மாடி வீடு கூரை விழுந்து கிடக்கிறது. அண்ணனும் போய்விட்டான்.

காலையில் பானைப் பக்கம் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அண்ணன் மகன் வெளியே வந்து, "இன்னா சித்தப்பா, பானையவே பாத்துனு இருக்கே?" என்றான். நூல் ஊறிவிட்டதா என்று பார்த்தேன் என்றேன். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். அந்த இன்னொரு பெயர் அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லி என்னைக் கூப்பிட ஊரில் இனி யாரும் இல்லை.