கடிக்காத ஷூ

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் எனக்கு எடை கூடும். நாமக்கல்லுக்கு வெளியே, மோகனூர் சாலையில் எங்கள் வீடு. நான் வந்து இறங்கியதிலிருந்து அம்மா சமைத்துக்கொண்டே இருப்பார். நான் படுத்தபடி போனைப் பார்ப்பேன், சாப்பிடுவேன், மறுபடியும் படுப்பேன். பத்து நாள் கழித்து பெங்களூருக்குத் திரும்பும்போது, கொண்டுவந்த துணிகளில் பாதி இறுக்கிப் பிடிக்கும்.

போன வருடம் தை மாதம் அப்படி ஆகக்கூடாது என்று முடிவு செய்து ஒரு பட்டியலோடு வந்தேன். பட்டியல் போடுவது என் தொழில். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய நிரல் எங்கெல்லாம் உடையக்கூடும் என்று முன்பே யோசித்து, ஒவ்வொன்றையும் எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். என் விடுமுறைப் பட்டியலில் ஒன்பது வரிகள் இருந்தன. காலை ஆறு மணிக்கு நடை, ஒரு நாளைக்கு எட்டாயிரம் ஸ்டெப், மத்தியானம் சோறு ஒரு கரண்டி குறைவாக, சாப்பிட்டவுடன் படுக்கக்கூடாது, முறுக்கு டப்பா கைக்கு எட்டாத அலமாரியில் என்று போகும். அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்று படித்தார்.

"அதென்ன சாமி, நோட்டீஸ் ஒட்டீருக்கற?"

"லீவுல குண்டாகாம இருக்கறதுக்குங்கப்பா."

"அப்ப நானும் சேந்துக்கறேன். எம்பேரையும் எழுது."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "காலைல எந்திரிச்சதுல இருந்து நானுந்தான் இந்த ஊட்டுக்குள்ள நடந்துட்டே கெடக்கறேன். எனக்கு ஆரு நோட்டீஸ் ஒட்டறது?"

அப்பா சேர்ந்துகொள்வார் என்று எனக்கு முன்பே தெரியும். அவருக்காகத்தான் ஒரு ஜோடி ஷூவும் கையில் கட்டும் ஸ்டெப் வாட்ச் ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அதற்கும் பத்து வருடம் முன்பிருந்தே சர்க்கரை. உட்கார்ந்ததும் வயிறு வந்தது, சர்க்கரை ஏறியது. நடந்தால் குறையும் என்று எல்லோரும் சொன்னோம்.

அப்பா வாழ்க்கையில் ஷூ போட்டதில்லை. வண்டியில் ஏறும்போது செருப்பையும் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். வெறுங்காலில் மிதித்தால்தான் பிரேக் எவ்வளவு பிடிக்கிறதென்று தெரியும் என்பார். அதனால் அவருடைய பாதம் விரல்கள் விரிந்து, முன்பக்கம் அகலமாக இருக்கும். நான் போனில் அம்மாவிடம் செருப்பு நம்பரைக் கேட்டேன். அம்மா திருப்பிப் பார்த்து ஒன்பது என்றார். ஒன்பதே வாங்கினேன். செருப்புக்கு முன்பக்கம் திறப்பு. ஷூவுக்கு அது கிடையாது. இதை நான் யோசிக்கவில்லை.

போடும்போது கொஞ்சம் அழுத்தித்தான் நுழைந்தது. "புதுசுங்கப்பா, நாலு நாளைக்குக் கடிக்கும். அப்பறம் விட்டுக்குடுத்துரும்" என்றேன். அம்மா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து ஓரங்களில் தடவினார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். புதுச் செருப்பு கடிக்கும், கொப்புளம் வரும், எண்ணெய் தடவுவோம், பஞ்சு வைப்போம், ஒரு வாரத்தில் காலும் செருப்பும் சமாதானமாகிவிடும். கடிக்கிறது என்று யாரும் கடையில் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் கோழிப்பண்ணை வரை போனோம். பனி இருந்தது. சாலையோரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பட்டறை முன்பும் அப்பா ஒரு நிமிடம் நின்றார். பாதி கட்டிய வண்டியைக் கண்ணால் அளந்துவிட்டு நகர்ந்தார். திரும்பும்போது டீக்கடையில் அவருடன் லாரி ஓட்டியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்ணா, ஷூ எல்லாம் பலமா இருக்குது. போலீசு செலக்சனுங்களா?" என்றார் ஒருவர்.

"இல்லப்பா, பொண்ணு பாக்கப் போறேன்."

"அண்ணிகிட்டச் சொல்லட்டுங்களா?"

"அவதான் லேஸ் கட்டி உட்டதே."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கடிச்சுதுங்களாப்பா?"

"இல்ல சாமி. வெண்ணெயாட்டம் இருக்குது."

எனக்கும் அதே கம்பெனி ஷூதான். எனக்கு அன்றைக்கே குதிகாலில் தோல் உரிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். அப்பாவைக் கடிக்காதது எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல அளவாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் நடக்கும்போது அவர் ஏன் சேர்ந்துகொண்டார் என்று சொன்னார். ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமாம். அதற்கு டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். சர்க்கரை இப்படி இருந்தால் கையெழுத்துப் போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மறுபடியும் வண்டி ஓட்டப் போறீங்களாப்பா? அம்மா சாமியாடிருவாங்க."

"பொழப்புக்கு இல்ல. ஒரே ஒரு ட்ரிப்பு. நாக்பூருக்குப் போய்ட்டு வரோணும். தெரிஞ்சவங்க வண்டி தாரேன்னிருக்கறாங்க." ஒரு பட்டறை முன்னால் நின்றார். "ஓட்ட முடியுதான்னு பாக்கோணும் சாமி. அவ்வளவுதான்."

அதன் பிறகு எனக்கு அந்த நடை வேறு மாதிரி ஆகிவிட்டது. என் எடையை மறந்தேன். அப்பாவின் ஸ்டெப் கணக்கைத் தினமும் உறவுக்காரர்களின் வாட்சப் குழுவில் போட்டேன். ஏழாயிரத்துச் சொச்சம். எட்டாயிரம். ஒன்பதாயிரம். அத்தைமார் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். அப்பா அவற்றை எழுத்துக்கூட்டிப் படிப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காம் நாளிலிருந்து சாயங்காலமும் தனியாகக் கிளம்பிப் போனார். "கடிக்குதுங்களாப்பா?" என்று நான் கேட்பதும், "இல்ல சாமி" என்று அவர் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினார். அதை நான் கவனித்தேன். கவனித்து, ஒன்றும் செய்யவில்லை.

ஆறாம் நாள் அம்மா துணி துவைக்கும் கல்லிலிருந்து ஒரு சாக்ஸைத் தூக்கிக் காட்டினார். "எங்க போயி மிதிச்சாருன்னே தெரீல. செம்மண்ணு போவ மாட்டேங்குது." வலது கால் சாக்ஸ். விரல் பக்கத்தில் காய்ந்த பழுப்பு. நாங்கள் நடந்த சாலையில் செம்மண்ணே கிடையாது. முழுக்கத் தார். அதுவும் எனக்குத் தெரியும். ஊறப் போடச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பத்தாம் நாள் அப்பா பேருந்து நிலையம் வரை வந்து வழியனுப்பினார். ஷூ போட்டுக்கொண்டுதான் வந்தார். பையை வாங்கி மேலே வைத்துவிட்டு, கீழே இறங்கி நின்று, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாட்ச்சைக் காட்டினார். பதினோராயிரம்.

பெங்களூருக்குத் திரும்பிய நான்காம் நாள் மத்தியானம் அலுவலகத்தில் இருந்தபோது அம்மா அழைத்தார். காய்ச்சல் என்றார். அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை, காலிலிருந்து வாடை வருகிறது, சேலத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்றார். ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்தில் இருந்த அந்த மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் வலது காலின் கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. பாதத்தின் ஓரத்தில், ஷூ அழுத்திய இடத்தில், எலும்பு வரை புண்.

படிவம் நிரப்பப் பழைய சிகிச்சை விவரம் கேட்டார்கள். அம்மா மஞ்சள் பையிலிருந்து அப்பாவின் கோப்பை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு வருடத்துக் காகிதங்கள். கடைசிச் சீட்டின் கீழே டாக்டர் கையால் எழுதியிருந்தார்: பாதங்களில் உணர்ச்சி இல்லை. தினமும் பாதத்தைப் பார்க்கவும். இறுக்கமான காலணி கூடாது.

என் வேலையில் முதல் பாடம், எதைச் சோதிக்கும் முன்பும் அதைப் பற்றி எழுதியிருப்பதை முழுவதும் படிக்க வேண்டும் என்பது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கோப்பு எங்கள் வீட்டு அலமாரியில், முறுக்கு டப்பாவை நான் ஏற்றி வைத்த அதே தட்டில் இருந்தது.

மறுநாள் காலையில் விரல்களை எடுப்பதாக இருந்தது. அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அம்மா டீ வாங்கப் போயிருந்தார்.

"எப்பங்கப்பா புண்ணப் பாத்தீங்க?"

"ஏழாம் நாளு. சாக்ஸ் ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுது. பிச்சு எடுத்தேன்."

"ஏனுங்கப்பா சொல்லல?"

"லீவுக்கு வந்த புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அலைய உடறதா? நீ போனதும் காட்டிக்கலாம்னு இருந்தேன்."

"வலிக்கவே இல்லீங்களா?"

ஷூ கடிக்கிறதா என்று நான் கேட்டபோதெல்லாம் நிறுத்துவாரே, அதே போல நிறுத்தினார்.

"வலிக்கோணும்னுதான் சாமி நடந்தேன்."

பிறகு சொன்னார். வண்டியை விற்றது கண்ணால் இல்லை. கடைசி ஒரு வருடமாக, கால் பிரேக்கின் மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் ஓட்டினாராம். ஒரு முறை தொப்பூர் இறக்கத்தில் மிதித்துவிட்டதாக நினைத்தார். மிதிக்கவில்லை. முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. எப்படியோ தப்பித்தது. வீட்டுக்கு வந்து, கண் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"காலு தெரீலன்னு சொன்னா ஆரு நம்புவா? காலத்தான் தெனமும் பாக்கறமே." சிரிக்கப் பார்த்தார். "சக்கர எறங்குனா உணர்ச்சி திரும்பீருமுன்னு ஆரோ சொன்னாங்க. நீயும் புது ஷூ கடிக்கும்னு சொன்னயா? செரி, கடிச்சுதுன்னா காலுக்கு உசுரு வந்துருச்சுன்னு அர்த்தம். இன்னைக்குக் கடிக்கும், நாளைக்குக் கடிக்கும்னு பாத்தேன். அதுக்குத்தான் சாயங்காலமும் போனேன்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வாட்ச் இன்னும் கட்டியிருந்தது. கழற்றிவிடுங்கள் என்று நர்ஸ் சொன்னபோதுதான் கழற்றிக் கொடுத்தார்.

விரல்களோடு நிற்கவில்லை. மூன்று வாரத்தில் பாதத்தின் பாதி போனது. சித்திரையில் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். அது வலது கால். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மிதிக்கிற கால். லைசென்ஸைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. பார்க்க வந்த டீக்கடை நண்பர், கட்டிலுக்கடியில் இருந்த ஷூவைப் பார்த்துவிட்டு, இதுதான் காரணமா என்று என் காதில் விழும்படி கேட்டுவிட்டார். அப்பா உடனே மறுத்தார்.

"அதென்ன பண்ணுச்சு பாவம்? நெம்ப நல்ல ஷூ. ஒரு நாளுகோடக் கடிக்கல."

இப்போது மாதத்துக்கு இரண்டு நாள் ஊருக்கு வருகிறேன். காலையில் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பொருத்திய காலோடு வாசலிலிருந்து கேட் வரை நடக்கிறார். நான் பக்கத்திலேயே போகிறேன். வாட்ச் மறுபடியும் அவர் கையில் இருக்கிறது. வாக்கரைத் தள்ளுகிறபோது அது சரியாக எண்ணுவதில்லை. குழுவில் எதையும் போடுவதில்லை. குளிர்பெட்டிக் கதவில் புதிய தாள். அதில் ஒரு வரிதான், இடது பாதம் என்று. அதன் கீழே நாளுக்கு ஒரு கட்டம். நான் இல்லாத நாட்களில் அம்மா பார்த்து நிரப்புகிறார்.

நான் இருக்கும் நாளில் சாயங்காலம், வெளிச்சம் போவதற்குள், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை என் மடியில் நீட்டுவார். விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் பார்ப்பேன்.

"ஆர்டிஓ ஆபீசுல எஃப்சிக்கு வந்த வண்டியாட்டமில்ல பாக்கற."

"பேசாம இருங்கப்பா. கண்ண மூடிக்கோங்க."

மருத்துவமனையில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தொடும்போது தெரிகிறதா என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் தெரிகிறது என்று சொல்லிவந்தார். இடது கால் நன்றாக இருக்கிறது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் வேலைப் பழக்கத்தில் ஒன்று செய்தேன். எந்தச் சோதனையிலும் வெறும் சோதனை ஒன்று வேண்டும். இழையை என் மடியிலேயே வைத்துக்கொண்டு, அவரைத் தொடாமல், எப்போதும் கேட்கிற குரலில் கேட்டேன்.

"தெரியுதுங்களாப்பா?"

கண்ணை மூடியிருந்தார். ஒரு கணம் நிறுத்தினார்.

"தெரியுது சாமி."

"எந்த எடத்துலங்கப்பா?"

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கட்டவெரலுக்குக் கீழ."

"செரிங்கப்பா" என்றேன். சாக்ஸை மெதுவாக மாட்டிவிட்டேன். கதவிலிருந்த தாளில் அன்றைய கட்டத்தின் முன்னால் பேனாவோடு நின்றேன். பின்னால், போலாமா, கேட் வரைக்கும் இன்னொரு நடை இருக்குதே என்று அப்பா கூப்பிட்டார். கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, வாக்கரை எடுத்துக்கொண்டு வந்தேன்.