பெரியமடுக் கிணற்றுக்கு இருபது லீற்றர்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வவுனியாவில் மன்னார் பஸ் ஏறினேன். ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். செட்டிகுளம் தாண்டியதும் வயல்களில் வெள்ளம் இன்னும் வடியாமல் நின்றது. மழை விட்டுப் பத்து நாளாகியும் வரம்புகள் வெளியே தெரியவில்லை. எட்டு மணிக்கு மன்னாரில் இறங்கி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் தலைமன்னார்ப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஓலைத்தொடுவாய்க்குப் போவது என் தம்பியின் மனைவி றீற்றாவைப் பார்க்க. தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கே மின்சாரத் தொழில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். "உப்புத் தண்ணியில கரண்ட் விட்டு மருந்து செய்யிறன், ஒருக்கா வந்து பாருங்கோ" என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு பாடசாலைக் கந்தோரில் கிளாக் வேலை செய்கிறவள். லீவு கிடைப்பது கடினம். இந்த முறை மூன்று நாள் கிடைத்தது.

ஒன்பது மணி. வீட்டுக்குப் பின்னால் நான்கு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டில். நடுவில் நீலப் பிளாஸ்ரிக் தொட்டி. அதில் இருபது லீற்றர் தண்ணீர், அரைக்கிலோ உப்பு. உள்ளே இரண்டு கறுப்புத் தகடுகள். கூரைமேல் இருக்கும் சூரியத் தகட்டிலிருந்து வயர் வந்து அவற்றோடு சேர்ந்தது. தகடுகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் ஓயாமல் எழும்பிக்கொண்டிருந்தன. துவைத்த வெள்ளைத் துணியின் மணம்.

"உப்பு உடைஞ்சு குளோரின் தண்ணியா மாறுது, மச்சாள். மேல வாற குமிழியில எரியிற வாயு இருக்கு. அதாலதான் சுவர் வைக்கேல்ல. நெருப்புப் பெட்டிகூடக் கிட்டக் கொண்டு வரக்கூடாது."

அந்தத் தண்ணீரால்தான் அந்தப் பகுதி மீன் தொட்டிகளையும் முன்பள்ளித் தரையையும் கழுவுகிறார்கள். காய வைத்த உப்பளத்து உப்பை அவள் சேர்ப்பதில்லை. அது தகட்டில் வெள்ளைப் படிவமாக ஒட்டிவிடுமாம். கடையில் விற்கும் சுத்தமான பக்கற் உப்புத்தான்.

"இண்டைக்குச் செய்யிறது பெரியமடுவுக்கு" என்றாள். "நீங்களும் வாறீங்களோ?"

பெரியமடுவில் தர்ஷினி என்ற பெண்ணுக்குத் திங்கட்கிழமை கலியாணம். முகாமில் றீற்றாவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், சண்டைக்காலத்தில் இந்தியா போய் மீண்டும் திரும்பியது. வெள்ளம் அவர்களுடைய கிணற்றை மூடிவிட்டுப் போயிருந்தது. தர்ஷினியின் அக்கா மகள் வயிற்றோட்டத்தோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சேலைனில் கிடந்து, முதல்நாள்தான் வீட்டுக்கு வந்தாளாம். கலியாணத்துக்கு முந்நூறு பேர் வருவார்கள். எல்லோருக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

பிற்பகல் ஒன்றரை. மருந்தைப் பிளாஸ்ரிக் கானில் நிரப்பிக்கொண்டு மன்னார் பஸ் நிலையத்துக்கு வந்தோம். பெரியமடுப் பக்கம் போகும் பஸ்ஸின் கொண்டக்டர் கானைக் கண்டதும் கையை விரித்தார். "கெமிக்கல் ஏத்தேலாது அக்கா." உப்புத் தண்ணீர்தான் என்று றீற்றா சொல்லிப் பார்த்தாள். மூடியைத் திறந்து மணந்தவர் இரண்டடி பின்னால் போனார். பஸ் புறப்பட்டுவிட்டது.

வெயிலில் வைத்திருந்தால் குளோரினின் வீரியம் குறையும். கானைத் தன் சால்வையால் மூடிவிட்டு றீற்றா ஓட்டோ தேடினாள். றமீஸ் என்ற ஓட்டோக்காரர் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேச நேரமில்லை.

பாலம் கடக்கும்போது கடற்காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. திருக்கேதீஸ்வரம் திரும்பும் சந்தியைத் தாண்டும்வரை மெதுவாக ஓட்டி வந்த றமீஸ், தலையைத் திருப்பிக் கேட்டார்.

"தங்கச்சி, இது வெடிக்குமோ?"

"இல்லை அண்ணன்."

"சத்தியமா?"

"நான் காலுக்க வச்சுக்கொண்டு இருக்கிறன். பயமெண்டால் இருப்பனோ?"

அவர் அதற்குப் பிறகுதான் வேகத்தைக் கூட்டினார். பள்ளமடுவில் பெரிய வீதியை விட்டு உள்ளே திரும்பினோம். வீதி முழுக்கக் குழி. நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முற்றத்தில் பந்தலுக்குக் கம்பு நட்டிருந்தார்கள். தர்ஷினியின் அம்மா பார்வதியம்மா எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். கானைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"இத ஊத்தினா தேத்தண்ணியில ஆஸ்பத்திரி வாசம் அடிக்குமேம்மா. மாப்பிள வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

தர்ஷினி கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு வெளியே வந்தாள். "சொல்லட்டும் அம்மா. ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிட்டுச் சொல்லாம இருந்தாச் சரி."

பார்வதியம்மா வீட்டுப் பக்கம் திரும்பினார். உள்ளே, சுகமில்லாமல் இருந்து வந்த பேத்தி படுத்திருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "செய்யுங்க" என்றார்.

கிணற்றை முதல்நாளே பம்ப் வைத்து இறைத்திருந்தார்கள். றீற்றா கயிறு விட்டு நீரின் ஆழத்தை அளந்து, ஏறக்குறைய பத்தாயிரம் லீற்றர் என்று கணக்குப் போட்டாள். அதற்கு இந்த ஒரு கான் போதும். சுவரெல்லாம் நனையும்படி சுற்றி ஊற்றினோம். வாளியை இறக்கி இறக்கிக் கலக்கினோம். விடியும்வரை ஒருவரும் அள்ளக்கூடாது என்று கட்டளை.

சனிக்கிழமை காலை ஆறரை. றீற்றா ஒரு குவளை தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்தாள். குளோரின் இருந்தால் தாள் ஊதாவாக மாறவேண்டும். அது வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்றை நனைத்தாள். அதுவும் வெள்ளை. குவளையை முகர்ந்தேன். சேற்று மணம் மட்டும்.

றீற்றா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படி நான் கண்டதில்லை. "போட்டதெல்லாத்தையும் அழுக்குத் திண்டிட்டுது. எங்கயோ இருந்து புதுசா வருது, மச்சாள்."

தர்ஷினி ஓடிப்போய்த் தன் அலுமாரியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். வெயிலைப் பிடித்துக் கிணற்றுக்குள் அடித்தாள். வெளிச்சம் கிணற்றின் சீமெந்து வளையங்களில் ஒவ்வொன்றாக இறங்கியது. மூன்றாவது வளையத்தின் இடுக்கில், மாட்டுக்கொட்டில் பக்கமாக, மண்ணிறத்தில் ஒரு கசிவு. விரல் தடிப்புத்தான். அது நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

றீற்றா என் தம்பிக்குப் போன் எடுத்தாள். மருந்து செய்து அனுப்ப நேரமில்லை, தொட்டியோடு கறுப்புத் தகடு, பற்றரி சார்ஜர் எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிவிடச் சொன்னாள். பத்தரை மணிக்கு அவற்றோடு அதே றமீஸ் வந்து இறங்கினார். கசிவைக் கேள்விப்பட்டதும் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"ஓட்டோவுக்கு முந்தி நான் மேசன் வேலைதான் செய்தனான். சீமெந்து இருக்கோ?"

கிணற்றை மறுபடியும் இறைத்தார்கள். றமீஸ் கயிற்றில் இறங்கி இடுக்கைச் சுரண்டிப் பூசினார். மேலே நாங்கள் முற்றத்துப் புளியமரத்தின் கீழே தொட்டியை வைத்து, வீட்டுக் கரண்டைச் சார்ஜர் வழியாக எடுத்துத் தகடுகளுக்கு வயர் இழுத்தோம். அப்போதுதான் றீற்றா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவசரத்தில் உப்பைச் சொல்ல மறந்துவிட்டாள்.

பார்வதியம்மா உள்ளே போனார். கலியாணச் சாமான் பெட்டியைப் பிரித்து, ஒரு பக்கற் உப்பைக் கொண்டுவந்து றீற்றாவின் கையில் வைத்தார்.

"சாம்பாருக்கு வாங்கினது. போதுமா?"

"அரைக்கிலோ போதும் அம்மா."

"அடுப்பு இருக்குது, பரவாயில்லையா?" தொட்டியை வைக்கும்போது றீற்றா நெருப்பைப் பற்றிச் சொன்னதை அவர் கவனித்திருக்கிறார். பதிலுக்குக் காத்திராமல், எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்து வீட்டுக்கு மறுபக்கம் மாற்றச் சொன்னார். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாராவது பீடியோடு அந்தப் பக்கம் வந்தால் அதட்டி விரட்டினார். ஐந்து மணித்தியாலம் அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. றீற்றாவும் தர்ஷினியும் பக்கத்தில் பாய் போட்டு வெங்காயம் உரித்தார்கள். முகாமில் கணக்குப் பாடத்துக்கு அழுத கதையெல்லாம் வந்தது. நானும் உரித்தேன், சிரித்தேன். எனக்கு அது கலியாண வீடாகவே இருந்தது.

மாலை ஐந்தரைக்குத் தண்ணீர் ஊறி ஏறியதும் ஊற்றினோம்.

ஞாயிறு காலை. ஆறு மணிக்கே கிணற்றடியில் பத்துப் பேர். றீற்றா தாளை நனைத்துக் கையில் பிடித்தாள். ஒரு கணம் வெள்ளை. பிறகு ஓரத்திலிருந்து ஊதா பரவி, கத்தரிப்பூ நிறத்துக்கு வந்து நின்றது. தர்ஷினி றீற்றாவைக் கட்டிப்பிடித்தாள். றமீஸுக்குப் போன் போட்டுச் சொன்னோம். "அல்ஹம்துலில்லாஹ், என்ர சீமெந்து!" என்று கத்தினார்.

மணம் குறையும்வரை இறைத்து ஊற்றி, மறுபடி தாள் பார்த்தபோது நிறம் மிக மெல்லியதாக, குடிக்கும் அளவில் இருந்தது. பார்வதியம்மா முதல் தேநீரைத் தானே போட்டு, தானே குடித்தார். நாங்கள் அவருடைய வாயையே பார்த்தோம்.

"கொஞ்சம் வாசம் இருக்குதுதான்" என்றார். "நம்ம வீட்டு உப்புத்தானே."

விடுமுறை முடிந்ததால் கலியாணத்துக்கு நான் நிற்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை இயந்திரம் பெரியமடுவில் இருக்கட்டும் என்று றீற்றா முடிவு செய்தாள். ஊரில் இன்னும் பல கிணறுகள் இருந்தன. தர்ஷினிக்குச் செய்முறை எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் கலியாணத்துக்குப் பிறகும் இதே ஊரில்தான்.

செவ்வாய்க்கிழமை வவுனியாவில், கந்தோர் குழாயில் முகம் கழுவும்போது அந்த மெல்லிய மணம் வந்தது. இத்தனை வருடமாக அதை மணந்து முகம் சுளித்திருக்கிறேன். யார் எங்கே விழித்திருந்து அந்த மருந்தைக் கலக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெரியமடுவில் அது யாரென்று எனக்குத் தெரியும். இங்கே தெரியாது. கைகளைக் குவித்து ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.