மில் வாசலில் கை மாறிய பிள்ளை

சங்கு ஊதி அடங்கும் நேரத்தில் மில் வாசலில் நிற்க இடம் கிடைக்காது. வேலை முடிந்து வருகிறவர்களும் வேலைக்குள் போகிறவர்களும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நுழைவார்கள். அந்த நெரிசலின் நடுவே என் மகனை அக்காவின் இடுப்பிலிருந்து நான் வாங்குவேன், இல்லையென்றால் என் இடுப்பிலிருந்து அவள் வாங்குவாள். வாங்குகிறவள் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். கொடுக்கிறவள் காலில் ரோட்டுப் புழுதி இருக்கும். இத்தனை வருஷம் கழித்து மில்லை நினைத்தால் எனக்கு இயந்திரமும் நூலும் முன்னே வருவதில்லை. ஒரு கை பிள்ளையின் அக்குளுக்கடியில் நுழைவதும் மற்றொரு கை மெல்ல விலகுவதும்தான் வருகின்றன.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை, என் கணவருடைய அண்ணன் மனைவியை. நான் கரிக்கலாம்பாக்கத்தில் பிறந்து, மூலக்குளத்தைத் தாண்டி வில்லியனூர் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் தம்பி இருவரும் ஒரு பெரிய குடும்பத்தின் நெல் வயலிலும் கரும்புக் கொல்லையிலும் பாடுபட்டார்கள். நடவும் வெட்டும் உள்ள காலத்தில் வேலை இருக்கும், மற்றக் காலத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரைப்போல நாங்களும் புதுச்சேரியில் இருந்த ஒரு பஞ்சாலைக்கு நடந்தோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். ஆலை பகலும் இரவும் ஓடியது, பெண்களுக்கும் இரவு வேலை உண்டு. இன்றைக்கு ஷிப்ட் என்கிறார்கள், நாங்கள் முறை என்போம். பகல் முறை விடியற்காலையில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்தில் முடியும். அப்போது தொடங்கும் இரவு முறை விடியும்வரை நீளும்.

நானும் அக்காவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பிள்ளை பெற்றோம். அவளுக்குப் பெண், எனக்கு ஆண். அவளுடைய பெண் சில நாள்தான் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் விழ அதே கூரையின் கீழ் இன்னொரு பிள்ளை பாலுக்கு அழுதது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் காய்ச்சலில் நினைவு தவறிக் கிடந்த ஒரு நாள், அவள் யாரையும் கேட்காமல் என் மகனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கண் விழித்துப் பார்த்தபோது அவன் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான், அவள் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. அன்று முதல் அவனுக்கு இரண்டு மடி.

மறுபடி மில்லுக்குப் போக வேண்டி வந்தபோது, எதிரெதிர் முறையாகக் கேட்டு வாங்குவது என்று அக்காதான் முடிவு செய்தாள். ஒருத்தி வேலையில் இருந்தால் மற்றவள் பிள்ளையோடு வீட்டில் இருப்பாள். யாருக்கு எந்த முறை என்று போடுவது எங்கள் மேஸ்திரியின் கையில் இருந்தது. அந்த மனிதர் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. உங்கள் ஊரில் பூசணி நன்றாகக் காய்க்குமாமே என்று விசாரிப்பார், அவ்வளவுதான். எங்கள் கொல்லையில் காய்த்த பூசணியெல்லாம் அவர் வீட்டுக் குழம்பில்தான் வெந்தது. ஆனாலும் மனிதர் வாக்குத் தவறவில்லை. வாரம் மாறி முறை மாறினாலும் எங்கள் இருவரையும் ஒரே முறையில் சேர்த்ததே இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. மில்லுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு மணி நேர நடை. வேலைக்குப் போகிறவள் முன்கூட்டியே புறப்பட வேண்டும், வேலை முடிந்தவள் அதற்கு வெகு நேரம் கழித்துத்தான் வீடு வந்து சேர்வாள். இடையில் பிள்ளையை யார் பார்ப்பது? ஆண்கள் வீட்டில் இருந்தாலும் பாலுக்கு அழுகிறவனை அவர்களிடம் விட முடியாது. அதனால் போகிறவள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்து, மில் வாசலில் வருகிறவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். வாங்கியவள் எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, முகத்துப் பஞ்சைத் துடைத்துக்கொண்டு, நாளெல்லாம் கட்டிக்கொண்ட பாலைக் கொடுத்து, பிறகு ஊருக்கு நடப்பாள். மழையானாலும் வெயிலானாலும் இப்படித்தான். மற்றப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். கூட்டத்தில் எங்களுக்கு வழி விடவும் தொடங்கினார்கள்.

ஒரே வீட்டில் வாழ்ந்தும் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமையில் மட்டுந்தான். மற்ற நாளில் பேச்செல்லாம் அந்த வாசலில் பிள்ளையைக் கொடுத்து வாங்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பால் கக்கினான், நெற்றி சுடுகிறது, பல் முளைக்கிறதுபோல இருக்கிறது, உரலைப் பிடித்து நின்றான். அவன் வளர்ந்த கதையில் பாதியை நான் அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், மறுபாதியை அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். எங்கள் முறை எதிரெதிராக இருக்கும்வரைதான் அக்கா ஒரு பிள்ளைக்குத் தாய். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அப்போதுதான் ஆலைகளில் தொழிலாளிகள் ஒன்றுசேர்ந்து நியாயம் கேட்கத் தொடங்கினார்கள். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டார்கள், பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் கேட்டார்கள். கேட்டவர்களில் அக்கா முன்வரிசையில் நின்றாள். இருட்டில் தனியாக நடந்து வருகிற பெண்கள் படும் பாட்டை அவள் அறிவாள். விடியற்காலையில் கண் அசந்து இயந்திரத்தில் விரலைக் கொடுத்த ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியவளும் அவள்தான். ஊர்வலத்தில் என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டே போனாள். அவனும் கையை ஆட்டினான் என்று பெருமையாகச் சொன்னாள். நாங்கள் கேட்டது கிடைத்தால் எங்கள் கதி என்ன ஆகும் என்று இருவரில் ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஊருக்கு நல்லது என்று கேட்டோம், நம் வீடும் அந்த ஊருக்குள் இருப்பதை மறந்தே போனோம்.

சட்டம் வந்தது. ஊர்த் தலைவரான மேர் வீட்டெதிரே தமுக்கடித்துச் சொன்னார்கள். அந்தச் சாயங்காலம் எங்கள் தெருவில் பெண்கள் வெல்லம் கொடுத்துக் கொண்டாடினார்கள். மறுநாள் மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டு, இனிமேல் பெண்கள் எல்லாருக்கும் பகல் முறைதான், இரண்டு பேரும் விடியற்காலையில் வந்துவிடுங்கள் என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், பாவம். நாங்கள் போகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, இனிப் பூசணி வேண்டாம் என்றும் சொன்னார். நாங்கள் மரத்தடிக்கு வந்தோம். பிள்ளை என் மடியில் இருந்தான். அக்கா அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

யாராவது ஒருத்தி வேலையை விட்டு நின்றாக வேண்டும் என்றாகிவிட்டது. நீ வீட்டில் இருந்து அவனைப் பார்த்துக்கொள், நான் வேலைக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், எனக்கும் அந்த வேலை பிடிக்கும். என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவள் மில்லுக்குப் போக இன்னொருத்தி பிள்ளையை வளர்த்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றார்கள். அதுவரை பாதி நாள் அவள்தானே வளர்த்தாள் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அக்கா என்னைக் கேட்க விடவில்லை. நானே போகிறேன் என்று முடித்துவிட்டாள்.

புது முறை தொடங்குவதற்கு முந்தைய நாள் அக்கா வெளியே போய், வாழையிலையில் பொட்டலம் கட்டிய மல்லிகை வாங்கி வந்தாள். கோடைக்காலம், பூ மலிந்திருந்தது. சாமிக்கு என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டாள். பூவை மார்பில் பரப்பி, அதன்மேல் ஒரு பழந்துணியைச் சுற்றி வைத்திருந்தாள். முதுகுப் பக்கம் முடிச்சை இழுத்துக் கட்டச் சொன்னாள். பால் வற்றுவதற்காக மல்லிகையை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளையை இழந்தவர்களுக்குக் கட்டுவார்கள். அவளுடைய பெண் போனபோது கட்ட வந்தவர்களை அவள் கிட்டே விடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் வீட்டுக்குத்தானே வருகிறாய், வந்து கொடேன், யார் வேண்டாம் என்றது என்று கேட்டேன்.

"நாள் பூரா நீ வச்சிருந்த புள்ள, சாயங்காலம் என்னப் பாத்தா உன்ன வுட்டுட்டு ஓடியாருவான்டி. அது உனக்குப் பொறுக்காது" என்றாள்.

"எனக்குப் பொறுக்கும்க்கா."

"இப்ப பொறுக்கும். பெத்தவ நீ வூட்டுல இருக்கறப்ப நான் இன்னாத்துக்கு? இழுத்துக் கட்டு."

கட்டினேன். இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்றாள்.

அக்கா அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த மில்லில் வேலை செய்தாள். வேறு பிள்ளை அவளுக்குத் தங்கவில்லை. என் மகன் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டான், கடைசியில் கொள்ளி வைத்தவனும் அவன்தான். இன்று அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி சார்ட் போட்டுவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள், கூட வேலை செய்கிற பெண்ணிடம் பேசி டூட்டியை மாற்றிக்கொள்வாள், அவசரத்துக்கு லீவும் போடுவாள். கேட்க அவளுக்கு வாய் இருக்கிறது, கேட்டால் கொடுக்கிறார்கள். அந்த வாயை வாங்கிக் கொடுத்தவர்களில் அக்காவும் ஒருத்தி. அது நல்ல சட்டம்தான். எத்தனை முறை யோசித்தாலும் அது வந்திருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

புது முறை தொடங்கிய காலையில் நானும் அவளோடு நடந்தேன். வேலையை விடுகிறவள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வழியெல்லாம் பிள்ளையை நான்தான் தூக்கினேன், அவள் கேட்கவில்லை. வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். இரவு முறையிலிருந்து எந்தப் பெண்ணும் வெளியே வராத முதல் காலை அது. எல்லாரும் ஒன்றாகக் கூடியதில் ஒரே சிரிப்பும் கும்மாளமும். மூலக்குளத்துப் பெண் ஒருத்தி அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பி மோந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, தலையில பூவக் காணோம், வாசன மட்டும் ஆளத் தூக்குது? எங்க ஒளிச்சி வச்சிருக்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "நல்ல நாளாச்சேடி, வாசனயாவது இருக்கட்டும்" என்றாள்.

சங்கு ஊதியது. என் இடுப்பிலிருந்து அவன் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தான். அவள் கையும் தன்னால் நீண்டது. பிறகு அந்தக் கையாலேயே முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதான். மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பால் கொடுத்து அடக்கியிருக்கலாம். அக்காவுக்கும் சேர்த்து அவன் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.