ஊர்ப் பெயர்களைச் சொன்னவள் நான்

எங்கள் அணியின் இரகசியக் குறிகளை எதிரணிக்குச் சொன்னவள் நான்தான். மெர்சி அல்ல. நான்!

இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன... அதுவும் முகம் தெரியாத உங்களிடம். சொல்லவேண்டியவளிடம் அல்ல.

உத்திரமேரூரில் நாங்கள் ஒரு பெண்கள் கபடி அணி வைத்திருந்தோம். கோடையில் ஏரி வற்றியதும் அதன் ஓரத்துத் தரையில் ஆடிப் பழகுவோம். கோமதி அக்கா எங்கள் தலைவி. நான் இடது மூலையில் நிற்பவள். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது என் வேலை.

கோமதி அக்காவுக்குப் பெரிய குரல். காலைப் பிடி என்று அவர் கத்தினால் எங்களுக்கு முன் எதிரிக்கு அது கேட்டுவிடும். அதற்கு நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பேருந்து போகும் ஊர்களின் பெயர்கள்! செங்கல்பட்டு என்றால் இடது மூலைக்காரி பாயவேண்டும். வாலாஜாபாத் என்றால் வலது மூலைக்காரி. மதுராந்தகம் என்றால் எல்லோரும் பின்வாங்கவேண்டும். யாருடைய பெயரையாவது கூப்பிட்டுவிட்டு ஊரைச் சொன்னால் அது பொய். வெறும் ஊர் மட்டும்தான் மெய்.

ஆட்டத்துக்கு ஆட்டம் ஊர்களை மாற்றிக்கொள்வோம். பயிற்சியின்போது அண்ணன் தம்பிகளைக்கூடக் கோமதி அக்கா அருகே விடமாட்டார். வீட்டில் வாய் திறக்கக் கூடாது. கண்டக்டர்கள் மாதிரி கூவுகிறார்கள் என்று எங்களைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் தோற்றுப் போனார்கள். அந்தப் பெருமை எனக்கு எவ்வளவு இனித்தது!

பிறகு மெர்சி வந்தாள். அப்பா, அம்மா இருவரும் கூலிக்குக் கழனி வேலை செய்கிறவர்கள். அவள் என்னைவிட இளையவள், என்னைவிட வேகமானவள். அதை முதல் நாளே நான் கண்டுகொண்டேன்... ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை.

இறுதி ஆட்டம் பழையசீவரத்தில், மலையடிவாரத்துத் திடலில் நடந்தது. இன்றைக்கு இடது மூலையில் மெர்சி நிற்கட்டும் என்று கோமதி அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து என் சொற்களை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் இடது மூலைக்குச் செங்கல்பட்டுதான். குரல் வரும், மெர்சி பாய்வாள், பிடித்துவிடுவாள். யோசித்தது நான், கைதட்டல் அவளுக்கு.

இடைவேளையில் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். எதிரணித் தலைவி ரேவதி அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, உன்ன ஏன் குந்த வெச்சிட்டாங்க?" என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். குறிகளைக் கேட்கவில்லை. மிரட்டவில்லை, எதையும் தருவதாகச் சொல்லவில்லை. அவள் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது... அதற்கே கொட்டிவிட்டேன். மூன்று ஊர்களையும் சொன்னேன். பெயர் சேர்ந்து வந்தால் பொய் என்பதையும் சொன்னேன்.

ஏன்? என் அணி தோற்கவேண்டும் என்றா நினைத்தேன்? இல்லை, மெர்சி ஒருமுறை தவறவிட்டால் போதும் என்று நினைத்தேனா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் மெர்சி பாயும் முன்பே பாடி வந்தவள் விலகினாள். விழுந்தவளைத் தொட்டுவிட்டு ஓடினாள். மறுபடியும், மறுபடியும்... முழங்கால்கள் சிராய்த்து இரத்தம் வழிய, மெர்சி ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றாள். தோற்றோம்.

ஊர்களைக் காதால் கேட்டே ஊகித்திருக்கலாம், ஆனால் பொய்யையும் கண்டுபிடித்துவிட்டார்களே, அதை யாரோ சொல்லாமல் எப்படித் தெரியும் என்று கோமதி அக்கா கேட்டார். மெர்சியின் அத்தை வீடு பழையசீவரத்தில் இருந்தது. இடைவேளையில் அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"உங்க அத்தகிட்ட இன்னா பேசின?"

"மோர் குடிச்சேன்க்கா. வேற ஒண்ணும் பேசல."

ஒருத்தியும் நம்பவில்லை. நான் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

திரும்பும் பேருந்தில் மெர்சியின் அருகில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். உட்காராமலாவது இருந்திருக்கலாம்!

"நான் உன்ன நம்புறேன்டி" என்றேன்.

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். காட்டிக்கொடுத்தது பொறாமையில் செய்தது... இதை எதில் சேர்ப்பேன்?

அதோடு மெர்சியை அணியிலிருந்து விலக்கினார்கள். மாவட்ட அணித் தேர்வுக்கு அவள் போயிருக்கவேண்டும், நான் போனேன். அந்தச் சான்றிதழால்தான் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனேன். அவளுக்குச் சீக்கிரமே கல்யாணம் முடித்துவிட்டார்கள். இப்போது கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் வேலைக்குப் போய்வருகிறாள்.

மாலை நேரங்களில் சுற்றுவட்டாரப் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தருகிறேன். சென்ற ஆண்டு மெர்சி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கி அத்தினி பேர்ல நீ ஒருத்திதான்க்கா என்ன நம்பின. அதான் இவள உங்கிட்ட வுடுறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்... எந்த வகுப்பு படிக்கிறாய் என்று பிள்ளையைக் கேட்டேன்.

சொல்லிவிடுவது என்று ஒருநாள் அவள் வீட்டுக்கே போனேன். இவங்கதான் நான் சொல்லிக்கினு இருப்பேனே அந்த அக்கா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைக் காட்டினாள். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். சொன்னால் அவள் இழப்பது என்னையா, தன்னை ஒருத்தியாவது நம்பினாள் என்ற அந்த ஒன்றையா? இப்படியெல்லாம் யோசிப்பதும் என் கோழைத்தனம்தான். களைத்துப்போய்விட்டேன்... ஆனாலும் சொல்லவில்லை.

நேற்று மெர்சி மகளிடம் தூக்கில் மீன்குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். ஏரி மீன். எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சாப்பிட்டேன்.