எடுக்காத கை

கசாப்புக் கடையிலிருந்து வந்த ஆட்டுத் தொடை ஒன்று, ரத்தம் கசியத் தட்டில் கிடந்தது. அறுவைசிகிச்சை மேற்படிப்பில் நான் முதன்முதலில் தொட்ட நோயாளி அதுதான். இப்போது இதற்கென்று சிலிக்கோன் கால்கள் வந்துவிட்டன. அழுத்தினால் துடிப்புகூடத் தெரிகிறது. நான் சேர்ந்தபோது, தேனிப் பக்கத்து மருத்துவமனையில், புதியவர்களை அவசரப் பிரிவுக்குள் விடுமுன் எங்கள் உதவிப் பேராசிரியர் ஆட்டுத் தொடையில்தான் பழக்கினார். அதைக் கீறி, உள்ளே சலைன் குழாயைப் புதைத்து, சிவப்புச் சாயத் தண்ணீரைப் பீய்ச்சுவார். அறுந்த தமனியை விரலால் தேடி அழுத்தி நிறுத்த வேண்டும்.

நிறுத்துவது எளிது. அப்புறம்தான் தொல்லை. வெட்டுப்பட்டவனின் அண்ணனாக நடித்துக் கத்துவார். இரும்புத் தட்டைக் காதருகே மேசையில் அறைவார். நான் பதறிக் கையை எடுத்துவிட்டேன். என்னோடு சேர்ந்த தோழி எடுக்கவில்லை. அவள் கூடலூர்க்காரி, அப்பா குமுளிக்கு ஜீப் ஓட்டுபவர். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலை உதவிப் பேராசிரியர் எட்டி உதைத்தபோது மண்டியிட்டு விழுந்தாள். கை மட்டும் தொடையிலேயே இருந்தது.

கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், ஜீப்பில் ஒருவனைத் தூக்கிவந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரன். வாய்க்கால் தகராறில் இடது தொடையின் மேற்பகுதியில் அரிவாள் வெட்டு. வேட்டி முழுக்க ரத்தம். தூக்கி வைத்த ஸ்ட்ரெச்சரிலிருந்து தரையில் சொட்டியது. தோழி ஓடிவந்து காயத்துக்குள் வலது கையை நுழைத்து அழுத்தினாள். பீறிட்டது நின்றது. நான் அவன் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவன் அரிவாளை மறைக்கக்கூட இல்லை. பயிற்சியில் எங்களைப் பார்த்துக் கத்தியவர், களைத்ததும் தட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். இவர்கள் கத்தவேயில்லை.

"தள்ளிக்க ஆத்தா," என்றான் அவன், மரியாதையாகவே. "ஒனக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல."

"கையை எடுத்தா செத்துருவாருண்ணே."

"அதுக்குத்தான் வந்துருக்கோம்."

அவள் நகரவில்லை. அரிவாள் தோட்டக்காரனின் கழுத்துக்கு இறங்கியபோது இடது கையைக் குறுக்கே நீட்டினாள். எலும்பில் பட்ட சத்தம், விறகு பிளப்பதுபோல, எனக்குக் கேட்டது. நான் சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி வெட்டியவனின் முகத்தில் அடித்தேன். பல் உடைந்து ரத்தம் துப்பினான். மறுபடி ஓங்கி, ஒரே வீச்சில் மூக்கை உடைத்தேன். அவ்வளவு வெறி என்னிடம் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது. வார்டு ஆட்களும் ஜீப்பில் வந்தவர்களும் கட்டைகளோடு பாய, மூவரும் தப்பி ஓடினார்கள்.

அவள் இடது கையைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். அப்படியே ஸ்ட்ரெச்சரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளினோம், அவள் வலது கை அவன் தொடைக்குள் இருக்க. உதவிப் பேராசிரியர் தமனியை இடுக்கியால் கவ்விப் பிடித்தபின், "எடும்மா, போதும்" என்றார். அவளால் முடியவில்லை. விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக அவரே பிரித்தெடுத்தார்.

அவன் பிழைத்தான். நொண்டியபடி வந்து அவள் கட்டிலருகே கைகூப்பி நின்றான். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் பிறகு நிமிரவே இல்லை. ஊசியும் நூலும் பிடிக்க முடியாமல், அறுவைசிகிச்சையை விட்டு ஸ்கேன் பார்க்கும் பிரிவுக்கு மாறினாள். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் அவனைச் சின்னமனூரில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அவளிடம் சொல்ல எனக்கு மனமில்லை. வேறு யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுவோம் என்று போய்ச் சொன்னேன். ஸ்கேன் அறை இருட்டில், திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்கன வெட்டுனாக?"

"டீக்கடை வாசல்ல."

"அதில்ல. ஒடம்புல."

"தொடையிலதான். அதே எடம்."

"ஆளுக இருந்தாகளா?"

கடை நிறையக் கூட்டமாம், வெகுநேரம் உயிர் இருந்ததாம் என்றேன். திரையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் கை வைக்கலையா?"