திங்கள் ஊசி, புதன் ரத்தம்

வாரத்தில் மூன்று நாள், ரத்தத்தைக் கழுவிக்கொள்ள ஸ்ரீராம்புரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். திங்கள், புதன், வெள்ளி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. அதற்கு முன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் குவாலிட்டி செக்கிங். பித்தளை வாஷர்களை அளந்து பார்த்து, தேறாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. வேலை போனாலும் புத்தி போகவில்லை. மருந்து பாட்டிலில் தேதி பார்க்காமல் எதையும் ஏற்ற விட மாட்டேன். "இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு" என்று டெக்னீஷியன்கள் கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

எங்கள் டயாலிசிஸ் வார்டில் பத்து மெஷின். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனி அறையில் இன்னும் இரண்டு. அவை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு மட்டும். அந்தக் கிருமி ரத்தத்தில் பரவுவது, காய்ந்த துளியில்கூட நாள் கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் சில மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பரிசோதனை. நெகட்டிவ் என்றால் இந்தப் பக்கம், பாசிட்டிவ் என்றால் அந்த அறை. எங்கள் நேரத்தில் அங்கே ஒரே ஒருவர்தான். நாற்பது வயதுப் பெண், அல்சூரில் ஒரு பள்ளியில் ஆயாவாக இருந்தவர். கடந்து போகும்போது தலையசைப்போம், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, கட்டிலில் ஏறப்போன என்னை டெக்னீஷியன் கன்னடம் கலந்த தமிழில் தடுத்தார்.

"அம்மா, ஸ்வல்ப இருங்க. உங்க ரிப்போர்ட் பாசிட்டிவ் வந்திருக்கு. இனிமே நீங்க அந்த ரூம்."

பயந்துதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நேற்று வரை சரியாக வந்த பீஸ் திடீரென்று தப்பாகக் காட்டினால், பீஸைத் தூக்கி எறிவதற்கு முன் அளந்த விதத்தைப் பார்ப்போம். அந்த வாரம் என்ன புதிதாக நடந்தது என்று யோசித்தேன். திங்களன்று அதே நோய்க்கான முதல் தடுப்பூசியை எனக்குப் போட்டிருந்தார்கள், டயாலிசிஸ்காரர்களுக்கான இரட்டை அளவில். புதனன்று பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள்.

"ஏம்பா, ஊசி போடும்போது என்ன சொன்ன? இதுல கிருமியோட மேல்தோல் மட்டும்தான் இருக்கு, உயிர் இல்லன்னு சொன்னியா இல்லியா?"

"ஆமாம்மா."

"டெஸ்ட்ல எதத் தேடறீங்க?"

"அதே மேல்தோலத்தான்."

"அப்போ நீ போட்டதயே நீ கண்டுபிடிச்சிருக்க!"

"ஹவுது, இருக்கலாம். ஆனா ரூல் இதுதாம்மா. பாசிட்டிவ்னா அந்த மெஷின்."

நோய் இல்லாமல் அந்த மெஷினில் படுத்தால், இல்லாதது நிஜமாகவே வந்து ஒட்டிக்கொள்ளலாம். போட்ட ஊசி காப்பாற்றத் தொடங்க இன்னும் மாதங்கள் ஆகும். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கொன்னாலும் அந்த ரூமுக்குள்ள கால் வெக்க மாட்டேன். டாக்டரக் கூப்பிடு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா வந்து இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஊசி போட்டு ரெண்டு மூணு வாரம் வரைக்கும் இப்படிக் காட்டலாம். அதுக்குள்ள ரத்தம் எடுத்திருக்கவே கூடாது. ஆனா நிச்சயமாத் தெரியற வரைக்கும் உங்கள மத்தவங்களோடயும் விட முடியாது."

நியாயம்தான். சந்தேகத்துக்குரிய பீஸை நல்ல பெட்டியிலும் போடக் கூடாது. சர்வீசிலிருந்து வந்திருந்த ஒரு மெஷினை ஜன்னலோரம் தள்ளிப் போட்டு, எனக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். கிருமியையே நேராகத் தேடும் இன்னொரு பரிசோதனைக்கும் ரத்தம் போனது. அது நெகட்டிவ். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்ததும் நெகட்டிவ். இப்போது எங்கள் வார்டில் பரிசோதனை முதலில், ஊசி பிறகு என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அது என்னால் வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

கடைசி ரிப்போர்ட் வந்த அன்று கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. வெற்றிக் களிப்பில் வாசலில் நின்று, "நெகட்டிவ்னு வந்துடுச்சும்மா" என்றேன்.

"ரொம்ப நல்லதுக்கா" என்று உள்ளேயிருந்த பெண் சிரித்தார். பிறகு, "அன்னிக்கு நீங்க கத்தினது இங்க கேட்டுது" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. "தப்பா எடுத்துக்காதம்மா..."

"சேச்சே. நோய் இல்லாதவங்க ஏன் இங்க வரணும்? நீங்க கேட்டது நியாயம்தான். ஆனா அன்னிக்குக் காலைல சிஸ்டர் வந்து, பக்கத்து மெஷினுக்கு உங்க பேர எழுதியிருக்குன்னு சொன்னாங்க. பாவி நான், சந்தோஷப்பட்டுட்டேன்க்கா. ரெண்டு வருஷமா நாலு நாலு மணி நேரம் இந்தச் சுவத்தப் பாத்துட்டுப் படுத்திருக்கேன். பேச ஒரு ஆள் வருதுன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேசினால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை அது. அது தெரிந்தும், ஒரு நாள்கூட அந்தக் கதவருகே நான் நின்றதில்லை.

வெளியே கிடந்த ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லு. அல்சூர்ல உன் வீடு எந்தப் பக்கம்?"